இரண்டு பேருக்கு மட்டும்

டைம்ஷேர் வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால் நன்மை, தீமை இரண்டையும் சொல்வேன். ஒரு நன்மையை மட்டும் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதன் விதிமுறைப் புத்தகத்தை வீட்டில் வேறு யாரும் படிக்க மாட்டார்கள். அந்த நன்மையை நான் ஆறு வருடம் முழுதாக அனுபவித்தேன். செய்தது தவறு. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

இராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருடத்துக்கு மேல் பொருளாதாரம் கற்பித்தவன் நான். ஒன்றை வாங்கும்போது அதற்காக எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் முதல் வாரத்திலேயே பாடம் நடத்திவிடுவேன். ஓய்வு பெற்ற பிறகு, அறுபத்திரண்டாம் வயதில், ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மதுரையில் ஒரு ஓட்டலில் இலவச விருந்துக்கு என்னையும் என் மனைவியையும் தேர்ந்தெடுத்திருப்பதாகச் சொன்னார்கள். எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஓய்வு பெற்றவனை யாராவது எதற்காவது தேர்ந்தெடுத்தால் அவன் காரணம் கேட்பதில்லை.

விருந்துக்கு முன்னால் இரண்டரை மணி நேரம் பேச்சு இருந்தது. டை கட்டிய ஒருவர் படம் போட்டு விளக்கினார். கொடைக்கானலில் விடுதி. அதில் ஒரு அறை வருடத்தில் ஒரு வாரம் எங்களுக்குச் சொந்தம். மற்ற வாரங்கள் மற்றவர்களுக்கு. இருபத்தைந்து வருடத்துக்கு இந்த ஏற்பாடு.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் வினை. சோழபுரம் பக்கம் எங்கள் அப்பா விட்டுப்போன நிலத்தில் ஒரே கிணறு, நாங்கள் மூன்று அண்ணன் தம்பிகள். வாரத்தில் ஆளுக்கு இரண்டு நாள் மோட்டார் முறை, ஞாயிற்றுக்கிழமை கிணறு ஊறுவதற்கு. என் முறை நாளில் தண்ணீர் என்னுடையது. யாருக்காவது அவசரம் என்றால் வரப்பில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும், முறை மாறிவிடும்.

"அப்ப இது எங்க கிணத்து முறை மாதிரிதான?" என்று கேட்டேன்.

"கரெக்டா சொன்னீங்க சார்" என்றார் அவர். அவர் கிணற்றைப் பார்த்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. மேசைக்கு அடியில் மனைவி என் காலை மிதித்தாள். பசிக்கிறது போல என்று நினைத்து, சீக்கிரமாகக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தார். என் மனைவியின் ஒரே அக்கா; என்னைவிட இரண்டு வயது மூத்தவர். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் போலீஸ்காரர், காலமாகிப் பல வருடம் ஆயிற்று. பிள்ளைகள் இல்லை. பஸ்ஸில் வந்தால் அரை மணி நேரம். அதனால் அடிக்கடி வருவார்.

பிளாஸ்டிக் உறை போட்ட என் டைம்ஷேர் ஃபைலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "எம்புட்டு வருசத்துக்கு தம்பி?"

"இருபத்தஞ்சு."

"ஒங்களுக்கு இப்ப அறுபத்திரண்டு. கூட்டிப் பாத்தியளா? கடேசி ரெண்டு மூணு வருசம் ஒங்கள நாலு பேரு தூக்கிட்டுப் போயில்ல அங்க எறக்கணும்!"

மனைவி சிரித்தாள். சாதாரணச் சிரிப்பு இல்லை. அடுப்பங்கரை வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, மூச்சு வாங்கச் சிரித்தாள். மதினி வந்தால்தான் அந்தச் சிரிப்பு வரும்.

பிறகு மதினி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "வெளையாட்டு இல்ல தம்பி, நானும் ஒரு தடவ வாரேன். பொறந்ததுல இருந்து மாடியில நின்னு எங்க ஊரு மலையப் பாத்துக்கிட்டே கெடக்கேன். மேகம் வந்து மூடும், பொறவு போயிரும். அதுக்குள்ள போய் நின்னா எப்படி இருக்கும்னு ஒருக்கா பாக்கணும்."

"ரெண்டு பேருக்குத்தான் அனுமதி மதினி. ரூல்ஸ் அப்படி" என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஃபைலின் ஒன்பதாம் பக்கத்தில், அறையில் நான்கு பேர் தங்கலாம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஒரு வார்த்தை வாதாடிப் பார்த்திருப்பார்கள். மதினி வாதாடவில்லை. அவர் வாழ்க்கை முழுக்கத் தலைக்கணக்குப் பதிவேடு வைத்திருந்தவர். இத்தனை பேர் என்று எழுதியிருந்தால் இத்தனை பேர்தான். அதில் கைவைப்பது அவருக்குப் பாவம். "அப்படின்னா சரி. கணக்குன்னா கணக்குத்தான்" என்று சொல்லிவிட்டு மனைவியோடு கீரை ஆயப் போய்விட்டார். அவருடைய நேர்மையைப் பயன்படுத்தித்தான் அவரை ஏமாற்றினேன். அப்போதே தெரிந்திருந்தது.

முதல் வருடம் போனோம். கிணற்று நினைப்பில் ஒரு நாள் முன்னாலேயே போய் நின்றேன். முந்திய முறைக்காரர்கள் இன்னும் அறையில் இருந்தார்கள். பங்காளிகள்தானே, ஒரு நாள் பொறுத்துக்கொள்ள மாட்டார்களா என்று கேட்டேன். வரவேற்பு மேசையில் இருந்த பெண் மிகவும் மரியாதையாக என்னை வேறொரு லாட்ஜுக்கு அனுப்பினாள். வாரம் முடிந்து கிளம்பும்போது பாதி பாட்டில் நல்லெண்ணெயும் கொஞ்சம் புளியும் மிச்சம் இருந்தன. அடுத்து வரும் பங்காளி பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று ஒரு சீட்டு எழுதி, அறையிலேயே இருந்த சின்ன அடுப்படியில் வைத்துவிட்டு வந்தேன். மறு வருடம் போனபோது அதே எண்ணெய், அதே புளி, என் சீட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, ஒட்டி, 'விருந்தினர் மறந்து விட்டுச் சென்றது' என்று எழுதி என்னிடம் கொடுத்தார்கள். கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். எண்ணெய் காறிப்போயிருந்தது.

நன்மைகளும் உண்டு. படுக்கை விரிப்பை வேறு யாரோ மாற்றினார்கள். மனைவி முதல் முறையாக ஒரு நாற்காலியில் காரணமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். தீமை என்னவென்றால், போனாலும் போகாவிட்டாலும் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். கட்டுகிறோமே என்று போக வேண்டும். மகன் துபாயில் இருந்து வரும் வாரமும் எங்கள் வாரமும் ஒரு தடவைகூட ஒத்துவரவில்லை. வாரத்தை மாற்றித்தரச் சொல்லி நான் கொடுத்த சத்தம் எந்த வரப்பிலும் யார் காதிலும் விழவில்லை.

பொய்யைக் காப்பாற்றுவது தனி வேலையாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் வரவேற்பில், "நாலு பேர் தங்கலாம் சார், ரெண்டு பேர்தானா?" என்று கேட்பார்கள். அதனால் விடுதி வாசலிலேயே, "நீ பையப் பாத்துக்கிட்டு இங்கனயே இரு" என்று மனைவியை நிறுத்திவிட்டு நான் மட்டும் போய்ப் பதிவு செய்வேன். மூட்டை தூக்க ஆள் நிற்கும் இடத்தில் அவள் மூட்டைக்குக் காவல் நிற்பாள். இரண்டாம் வருடம் அறையில் இருந்த சோபாவைப் பெருக்குவதற்காக இழுத்தவள் கத்தினாள்.

"ஏங்க, இது கட்டிலால்ல விரியுது! எதுக்கு இன்னொரு கட்டிலு?"

"அது... பெரிய கட்டில் ஒடஞ்சா மாத்திக்கிடுறதுக்கு" என்றேன்.

"நல்ல முன்யோசனக்காரவியதான்" என்றாள். அந்த விடுதியைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது.

ஆனால் சாயங்காலங்கள்தான் என்னைத் தண்டித்தன. மேகம் ஏறி வரும் நேரத்தில் அவள் பால்கனியில் உட்கார்ந்து அக்காவுக்குப் போன் போடுவாள். "அக்கா, இப்ப எதுத்த மரம் வரைக்கும் வந்துருச்சு... இப்ப மரத்தக் காணல... இந்தா, கம்பி கிட்ட வந்துருச்சு. கை நீட்டுதேன்... சில்லுன்னு இருக்கு அக்கா." அந்தப் பக்கம் மதினி ஏதோ சொல்வார். உடனே அந்தச் சிரிப்பு. நான் உள்ளே படுத்துக்கொண்டு, படித்த செய்தித்தாளையே திரும்பப் படிப்பேன்.

இப்படி ஆறு வருடம்.

ஏழாம் வருடம் மதினிக்கு இரண்டு முழங்காலும் வீங்கிவிட்டன. அவர் வீட்டு மாடிப்படி ஏற முடியவில்லை. மலையைப் பார்க்கிற பழக்கமும் நின்றுபோனது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று மனைவி, சோற்றை என் தட்டில் வைத்துக்கொண்டே சொன்னாள்: "ரெண்டு பேருக்குத்தான அனுமதி? இந்த வருசம் நானும் அக்காவும் போயிட்டு வாரோம். நீங்க வீட்ட பாத்துக்கோங்க."

எனக்கு விக்கல் எடுத்தது. "மெம்பர் நேர்ல வரணும்ல..." என்று ஆரம்பித்தேன்.

"போன் பண்ணிக் கேட்டுட்டேன். பொஞ்சாதி வந்தாப் போதுமாம்."

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாம். மூவருமாகப் போயிருக்கலாம். தண்ணீர் குடித்துவிட்டு, "சரி" என்றேன்.

மதுரை பஸ்ஸில் இருவரையும் ஏற்றிவிட்டேன். மதினி படியில் ஏறவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும், "ஒங்க எடத்தப் புடுங்கிட்டேன், கோவிச்சுக்கிடாதிய தம்பி" என்றார். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். அந்தப் பஸ் கிளம்பியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

அன்று மாலை போன் வரவில்லை. வழக்கமாகப் போய்ச் சேர்ந்ததும் கூப்பிடுகிறவள். நானாகப் போட்டேன், எடுக்கவில்லை. மறுநாள் காலை உப்புமா கிண்டிக்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. பேசியது மதினி.

"தம்பி, இங்க தலைக்கணக்கு நாலுன்னு போட்டுருக்காவ."

கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அந்தப் புள்ள கேக்கா, வருசா வருசம் சார்கிட்ட சொல்லுதோமே, நீங்க ரெண்டு பேருதான் வந்தியளான்னு. ஆறு வருசமா பாக்கி ரெண்டு பேரு முட்டைய யாரு தம்பி தின்னா?"

உப்புமா அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. "மதினி, அது வந்து..." என்றேன்.

"வந்து சொல்லுங்க. எடம் கெடக்கு" என்று போனை வைத்துவிட்டார்.

பஸ்ஸில் போகும் வழியெல்லாம் மன்னிப்பு ஒன்றைத் தயார் செய்தேன். முன்னுரை, காரணங்கள், முடிவு என்று வகுப்பு எடுப்பது போல ஒழுங்காக வந்தது. அறைக் கதவைத் திறந்த மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சோபாவைக் காட்டினாள். "பெரிய கட்டிலு ஒடையல. நீங்க இதுல படுத்துக்கோங்க" என்றாள். தயார் செய்தது எல்லாம் மறந்துவிட்டது.

மதினி காலை ஒரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருந்தார். "ஏன் அப்படிச் செஞ்சிய? நான் என்ன ஒங்க எலையிலயா கைய வைக்கப் போறேன்?" என்று கேட்டார். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால் உண்மையைச் சொல்ல முடிந்தது.

"நீங்க ரெண்டு பேரும் சேந்தா ஒரு சிரிப்பு சிரிக்கிய. எங்கூட இவ ஒரு நாளும் அப்படிச் சிரிச்சதில்ல. எனக்கு வெளிய நிக்கிற மாதிரி இருக்கும். ஒரு வாரமாவது நானும் இவளும் மட்டும் இருந்தா..."

எழுபதை நெருங்குகிற பொருளாதாரப் பேராசிரியர் சொல்லக்கூடிய வாக்கியம் இல்லை அது.

அக்காவும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாங்க சிரிக்கிறதே ஒங்களப் பத்தித்தாங்க" என்றாள் மனைவி. "ஒங்கள விட்டா எங்களுக்குச் சிரிக்க என்ன இருக்கு?" சொல்லி முடிப்பதற்குள் மதினிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மனைவிக்கும் வந்தது. எனக்கு வரவில்லை. ஆனால் நான் அங்கே இருந்தேன்.

அதற்காக மனைவி உடனே மன்னித்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். ஆறு வருடம் வாசலில் மூட்டை காத்ததை இன்னும் வாரம் ஒரு முறையாவது சொல்கிறாள்.

நான்கு நாள் வெயில் அடித்தது. ஒரு துண்டு மேகம் வரவில்லை. மதினி காலையிலேயே எழுந்து சால்வையைப் போர்த்திக்கொண்டு காத்திருப்பார். பத்து மணிக்கு மேல் சால்வையை மடித்துவைப்பார். வானத்துக்கும் நான்தான் ஏதோ ரூல்ஸ் சொல்லிவைத்துவிட்டேன் என்று இருவரும் என்னைப் பேசினார்கள். ஐந்தாம் நாள் காலை பள்ளத்தில் இருந்து அது ஏறி வந்தது. இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொள்ள, விடுதிப் புல்வெளியின் ஓரம் வரைக்கும் மதினியை நடத்திப்போனோம். மூன்று பேரும் அதற்குள் நின்றோம். மதினி மூக்கை உறிஞ்சினார்.

"இம்புட்டுத்தானா? சோத்து அண்டாவத் தெறந்தா இதவிட நல்லா வருமே!"

"அக்கா, ஒனக்காகத்தான் அஞ்சு நாளு காத்துக் கெடந்தோம்" என்றாள் மனைவி.

"சும்மா சொன்னேன் ஏட்டி. நல்லாத்தான் இருக்கு." சால்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். புல்வெளி முடிகிற இடத்தில் கல்படிகள் தொடங்கிக் கீழே மேகத்துக்குள் இறங்கி மறைந்தன. "அந்தப் படி எங்க போகுது தம்பி?"

"கீழ ஒரு ஓடை இருக்கு மதினி. அங்கன மேகம் இன்னும் அடர்த்தியா, ஆளு மேலயே படுத்துக் கெடக்கும்."

"எத்தன படி?"

"அறுபது எழுபது இருக்கும். நான் வருசா வருசம் எறங்குவேன்."

அவர் படிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மொத வருசம் எனக்கு முட்டு நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

குத்திக்காட்டவில்லை. ஒரு பதிவேட்டில் இருப்பதைப் படிப்பது போலச் சொன்னார். மனைவி என்னைப் பார்க்கவில்லை. அந்த வருடம் நான் படி இறங்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் மதினிக்குக் குளிர ஆரம்பித்தது. அறைக்குத் திரும்பினோம். நாற்பதடி தூரம் அவர் நடைக்குக் கால் மணி நேரம் ஆயிற்று. அவர் என் தோளில் எவ்வளவு பாரம் போட்டார் என்பது மறுநாள் வலித்தபோதுதான் தெரிந்தது.