கிணறு மூன்றாவதாகப் போன பட்டியல்

எண் போட்டுக்கொள்ளாமல் எனக்கு எதையும் எழுத வராது. எங்கள் ஊருக்கு அரசாங்கம் அனுப்பிய கிராம சேவக் நஞ்சப்பனை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொல்லப்போவது இவை:

1. அவர் இறந்த செய்தி வந்த விதம்.
2. ஊர்த் திட்டத்துக்கு அவர் ஜனங்களைக் கேட்ட முறை.
3. அந்தத் திட்டத்தில் நான் செய்த தவறு.
4. அந்தத் தவறு அவருக்குக் கடைசிவரை தெரியாமலே போனது.

மத்திகிரிப் பண்ணைக்குப் பொலிகாளை கேட்கப் போயிருந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர், சென்ற செவ்வாய்க்கிழமை மாலை நேராக என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "நம்ம கிராம சேவக் போயிட்டாருங்க, வாத்தியாரே. ஜவளகிரியில, அவங்க ஊட்டுலயே. ஒரு வாரமா காய்ச்சலாம்" என்றார். நஞ்சப்பனுக்கு என் வயதில் பாதிகூட இல்லை. எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. இனி அவரிடம் என் தவறைச் சொல்ல வேண்டியதில்லை என்ற ஆறுதல்தான் வந்தது. இதை எழுதவே கை கூசுகிறது.

அவர் எங்கள் ஊருக்கு வந்தபோது நான் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். எழுதத் தெரிந்தவன் என்பதால் ஊர்த் திட்டக் குழுவுக்கு என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். கோயில் முன்னால் கூடிய முதல் கூட்டத்தில் மணியக்காரர் பேசினார், மற்றவர்கள் தலையாட்டினார்கள். சேரி ஜனங்கள் தூரத்தில் நின்றுவிட்டுக் கலைந்தார்கள். மறுநாளிலிருந்து நஞ்சப்பன் கூட்டம் போடவில்லை. வீடு வீடாகப் போய், "வாயால சொல்ல வேணாங்க. உங்களுக்கு எங்க கஷ்டமோ அந்த எடத்துக்கு என்னெ நடத்திக் கூட்டிக்கிட்டுப் போங்க" என்றார். தெலுங்கு வீட்டில் தெலுங்கிலும் கன்னட வீட்டில் கன்னடத்திலும் அதையே கேட்டார். நான் நோட்டுப் புத்தகத்தோடு பின்னால் போனேன்.

சேரியில் முனியம்மா என்ற கூலிக்காரப் பெண் எங்களை ஓடைக்குக் கூட்டிப் போனாள். மணலில் தோண்டிய ஊற்றில் குடம் நிறைய வெகுநேரம் ஆயிற்று. திரும்பும்போது நஞ்சப்பன் குடத்தைத் தாமே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டார். பாறைமேட்டில் ஏறும்போது தண்ணீர் தளும்பி அவர் சட்டை நனைந்தது. "பாதி கொடம் உங்க சட்டையே குடிச்சிருச்சுங்க, சாமி. மீதிய எறக்கி வெச்சா எங்களுக்குச் சோறு வேவும்" என்றாள் முனியம்மா. அவர் சிரித்தார். ஆனால் வீடு வரைக்கும் குடத்தை இறக்கவில்லை.

இப்படிப் பத்து நாள் நடந்தபின் எல்லா வீட்டாரையும் மறுபடி கேட்டு வரிசை முடிவாயிற்று. முதலில் சேரிக்குக் கிணறு, அடுத்து பெங்களூர் ரோடு வரை வண்டிப்பாதை, பிறகு பள்ளிக்கு ஓர் அறை. "ஊரு கேட்டதத்தான் நாம எழுதணுங்க, சார். ஊருக்கு நல்லதுன்னு நமக்குத் தோணுறத இல்ல" என்றார். அதற்குள் அவரைப் பயிற்சிக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். வெள்ளைத்தாளின் அடியில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்து, சுத்தப் பிரதி எழுதி வட்டார அலுவலகத்துக்கு அனுப்பிவிடச் சொன்னார்.

அன்று மாலை மணியக்காரர் வந்தார். நான் குடியிருந்தது அவருடைய வீடு. "வண்டி போக வழியில்லாம ஊரு எப்பிடிங்க முன்னேறும்? வாத்தியாருக்குத் தெரியாததா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மிரட்டல் ஒன்றுமில்லை. நான் பாதையை முதலில் எழுதினேன். பள்ளி அறையை இரண்டாவதாக எழுதினேன். வாத்தியார் புத்தி அதற்கும் நியாயம் கண்டுபிடித்தது. கிணறு மூன்றாவது ஆயிற்று. எதையும் நீக்கவில்லையே, வரிசைதானே மாறியது என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அலுவலகம் முதல் இனத்தை மட்டும் அந்த வருடத்துக்கு எடுத்துக்கொண்டது. பாதை திறந்த அன்று முனியம்மா வந்து பார்த்தாள். "ரோடு நல்லாத்தாங்க இருக்குது. எங்க ஓடப் பக்கந்தான் போவுல" என்றாள். பக்கத்தில் நின்ற நஞ்சப்பன், வரும் வருடம் கிணறுதான் முதல் என்று அவளிடம் மெதுவாகச் சொன்னார். என்னை அவர் பார்க்கவில்லை. அலுவலகம்தான் வரிசையை மாற்றிவிட்டது என்று அவர் எண்ணுவதாக நினைத்துக்கொண்டேன். கிணறு வெட்டி முடிவதற்குள் சேரிப் பெண்கள் இன்னும் இரண்டு கோடை ஓடைக்கு நடந்தார்கள்.

அதன்பிறகு ஒவ்வொரு பட்டியலையும் அனுப்புமுன் அவர் என்னைச் சேரிக்கு அழைத்துப் போய் எல்லார் முன்பும் படிக்கச் சொல்வார். "நீங்களே படிங்க, சார். உங்க எழுத்து உங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்" என்பார். என் குரலுக்கும் கையெழுத்துக்கும் தந்த மரியாதை என்று நினைத்துப் பெருமையாகவே படித்து வந்தேன். "மொதல்ல இருக்குறத இன்னொரு தரம் படிங்க, சாமி" என்பாள் முனியம்மா. மறுபடி படிப்பேன்.

இந்த வருடப் பட்டியலை நேற்று நான் மட்டும் போய்ப் படித்துக் காட்டினேன். அந்த வழக்கம் ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. படித்துவிட்டு வந்து உட்கார்ந்து இதை எழுதும்போதுதான் யோசிக்கிறேன். மாதந்தோறும் வட்டார அலுவலகத்துக்குப் போனவர் அவர். தம் கையெழுத்துக்கு மேலே நான் எழுதியிருந்ததை அவர் அங்கே பார்க்காமல் இருந்திருக்க முடியாது. தொடக்கத்தில் நான்காவதாக நான் எழுதியது தவறு. அவருக்குத் தெரிந்திருக்கிறது.