சர்வேயருக்கு நெஞ்செரிச்சல்

திருப்பனந்தாள் பக்கம் இருக்கும் எங்கள் வயலை அளக்க இன்று காலை சர்வேயர் வந்தார். எனக்கும் பக்கத்து வயல் சித்தப்பாவுக்கும் வரப்புத் தகராறு. இரண்டு வருடமாகப் பேச்சு இல்லை.

ஒரு வீட்டில் மட்டும் சாப்பிட்டால் யாராவது ஏதாவது சொல்வார்கள் என்று, சர்வேயர் சித்தப்பா வீட்டில் பொங்கல் வடையும் எங்கள் வீட்டில் பூரியும் சாப்பிட்டார்.

பாதி வரப்பு நடந்ததும் உட்கார்ந்துவிட்டார். "நெஞ்செல்லாம் எரியுதுங்க. எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டா எனக்கு எப்பவும் இப்படித்தான்."

சித்தப்பா சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்தார். நானும் எடுத்தேன். இரண்டும் ஒரே மாத்திரை.

"உனக்குமாடா?" என்றார் சித்தப்பா.

"இந்தப் பிரச்சினை ஆரம்பிச்சதுலேர்ந்துதான் சித்தப்பா. சாப்பாடே இறங்க மாட்டேங்குது."

"எனக்கும்தான். உன் சித்தி காரத்தைக் கண்ணுலயே காட்ட மாட்டேங்குறா."

சர்வேயர் இருவரிடமும் ஒவ்வொன்று வாங்கி மென்றார். எரிச்சல் அடங்கியதும் அளந்தார். சித்தப்பா நிலத்தில் அரையடி என்னிடம் இருந்தது. நாளைக்கே வரப்பை வெட்டி நகர்த்திவிடுகிறேன் என்றேன்.

"சம்பா அறுப்பு முடியட்டும்டா. இப்ப என்ன அவசரம்?"

மதியம் மீன் குழம்பு சாப்பிட்டேன். மாத்திரை போடவில்லை, எரியவும் இல்லை.

உங்கள் நெஞ்செரிச்சலுக்கு எந்த சர்வே எண் காரணம்? கமெண்டில் சொல்லுங்கள்.