லீலுக்குப் போன எவர்சில்வர் பெட்டிகள்

சாப்பாட்டுக் கடையில் சமைப்பதுகூடச் சுலபம், வெளியே போன பாத்திரத்தை மறுபடி உள்ளே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. அயல் வீட்டுக்குக் கறி கொடுத்துவிட்டுச் சட்டிக்காகக் காத்திருந்த உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

முதலாளியின் தவணை

பாரிஸ் லா சப்பலில், கார் து நோர் ரயில் நிலையத்துக்கு ஐந்து நிமிட நடையில் இருக்கும் கடையொன்றில் கவுண்டரில் நிற்பவள் நான். மத்தியானம் சோறு கட்டிக்கொண்டு ஓடுபவர்களில் பாதிப் பேர் லீல் நகரத்துக்கு அதிவேக ரயில் பிடிப்பவர்கள். அத்தனை பிளாஸ்ரிக் பெட்டியும் குப்பைக்குத்தானே என்று எனக்கு வயிறெரிந்தது. எவர்சில்வர் பெட்டியில் கொடுப்போம், அடுத்த முறை வரும்போது திருப்பித் தரட்டும் என்றேன். முதலாளி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார். பிறகு நூறு பெட்டி வாங்கித் தந்து, கிறிஸ்துமஸ் வரைக்கும் தவணை வைத்தார்.

"நத்தார் மட்டும் பாப்பம் தங்கச்சி. ரயிலேறின பெட்டி திரும்பி வராட்டி, பழையபடி பிளாஸ்ரிக்தான்."

ஒரு மணித்தியாலத் தூரம்

முதலில் திரும்பி வந்தது லீல் பெட்டி. அங்கே கட்டட வரைபடம் போடும் ஒரு பிரெஞ்சுப் பெண் மறுநாளே கழுவித் துடைத்து நீட்டினாள். அடுத்த வாரம் தன் அலுவலகத்தில் ஆறு பேருக்கும் அதே மாதிரிப் பெட்டியில் சோறு கேட்டாள். ஆறும் வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தன. மெத்ரோவில் பக்கத்துப் புறநகர் பொபினிக்குப் போனவையோ மூன்று வாரமாகத் தலைகாட்டவில்லை. அவ்வளவு தூரத்திலிருந்து சுமந்து வருகிறாயே என்று லீல் பெண்ணிடம் ஆச்சரியப்பட்டேன்.

"தூரம் எங்கே மதாம்? ரயிலில் ஒரு காப்பி குடித்து முடிப்பதற்குள் பாரிஸ் வந்துவிடுகிறது."

காணாமல் போன பதினொன்று

நத்தாருக்கு நாலு நாள் இருக்கும்போது பார்த்தால், பதினொரு பெட்டி ஒரே ஆளிடம். புறநகர் எபினேயிலிருந்து லீலுக்கு வேலைக்குப் போய்வரும் யாழ்ப்பாணத்துக்காரர். எனக்குக் கோபம் வந்தால் மரியாதை மறந்துபோகும். பிரெஞ்சுக்காரியால் முடிவது உமக்கு முடியாதா என்று போனில் நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டுவிட்டேன்.

மறுநாள் பதினொரு பெட்டியையும் கவுண்டரில் அடுக்கினார். ஒவ்வொன்றிலும் பயித்தம் பணியாரம். மனைவிக்கு ஓயாத வேலையாம், பலகாரம் சுட நேற்றுத்தான் லீவு கிடைத்ததாம். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. நானும் ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை ஒருநாளும் வெறுமையாகக் கொடுத்தவள் இல்லையே.

"வெறும் பெட்டியை என்னெண்டு அக்கா நீட்டிறது?"

அறிவித்தல்

பெட்டியை வெறுமையாகத் தரவும் என்று அன்றே தமிழிலும் பிரெஞ்சிலும் எழுதி ஒட்டினேன். பொபினி, கார்ஜ் புறநகர்களில் எங்கள் சனம் வெறும் பெட்டியை நீட்டக் கூசித்தான் வீட்டில் வைத்திருந்திருக்கிறது, இரண்டே நாளில் பெட்டிகள் குவிந்தன. லீல் பெண் மட்டும் அறிவித்தலை இரண்டு தரம் படித்துவிட்டுக் கலங்கிப்போய் நின்றாள்.

"மன்னியுங்கள் மதாம், இதுவரை நான் ஏதாவது வைத்துத் தந்திருக்க வேண்டுமா?"

தவணை நாள்

நத்தாருக்கு முதல் நாள் அலுமாரித் தட்டு நிறையப் பெட்டி. நூற்றில் இரண்டுதான் குறைவு. முதலாளி இரண்டு தரம் எண்ணினார், கடைசிப் பணியாரத்தை வாயில் போட்டார். நான் வென்றுவிட்டேன், துள்ளிக் குதிக்காத குறை.

"தையிலை இன்னொரு நூறு எடுப்பம் தங்கச்சி. ஸ்ராஸ்பூர் ரயில் பிடிக்கிற ஆக்களுக்கும் குடுத்துப் பாப்பம்."

அதிவேக ரயில் நகரத்தின் குப்பையைக் குறைத்தது என்று நாளைக்கு யாராவது எழுதினால் எழுதட்டும், எங்கள் சனத்தின் கையிலிருந்து வெறும் பெட்டியை வாங்கிக் காட்டியவள் நான்தான்.