ரெமேய் தைத்த அங்கி

ரெமேய்க்குப் பக்தி இல்லை என்று ஊரில் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தூக்கத்தின் மேல் அவளுக்கு இருந்த பக்தியை எந்தக் கன்னிமடத்திலும் பார்க்க முடியாது. தறிக்கு முன்னால் நின்றபடியே தூங்குவாள். கோயிலில் முழங்கால் போட்டபடி தூங்குவாள். பின்னாலிருந்து பார்த்தால் பெரிய புண்ணியவதி உருகி ஜெபிப்பது போலவே இருக்கும், குறட்டை கிளம்பும் வரைக்கும்.

பொப்லெனோ பேட்டையில் ஒரு பருத்தி மில்லில் அவளும் நானும் அடுத்தடுத்த தறிகளில் இருந்தோம். தறிச் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். இதில் ஒரு வசதி, மேஸ்திரியைப் பற்றி மேஸ்திரி எதிரிலேயே பேசலாம். ஒருநாள் ரெமேய் உதட்டை அசைத்தாள்.

"சிந்தா, கோயிலுக்குப் பின்னால ராப்பள்ளிக்கூடம் ஆரம்பிக்கிறாங்களாம். தையல் சொல்லித் தராங்க. கத்துக்கிட்டா தையல்கடையில வேலையாம்."

"உனக்கு ஊசியில நூல் கோக்கத் தெரியுமாடி?"

"நூல் கிடக்கட்டும். தையல்கடையில நாற்காலி இருக்குடி. உக்காந்து வேலை செய்யலாம்."

அந்த நாற்காலிக்காகத்தான் சேர்ந்தோம். பள்ளிக்கூடத்தை நடத்திய சீமாட்டிகளுக்கு வேறு கணக்கு. மில் பெண்கள் சாயங்காலத்தில் நடனக் கொட்டகைக்குப் போகாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் பாடத்துக்கு முன்னால் பங்குச் சாமியார் கிர்சே வந்து கற்பைப் பற்றிப் பிரசங்கம் செய்வார். பன்னிரண்டு மணி நேரம் தறியில் நின்றுவிட்டு வந்தவளுக்குக் கற்பை இழக்கத் தெம்பு எங்கே இருக்கிறது? ரெமேய் நிம்மதியாகத் தூங்குவாள். அவள் தலை சாயச் சாய, தன் பேச்சுக்குத்தான் தலையாட்டுகிறாள் என்று சாமியார் பூரித்துப்போவார்.

பிறகு ஒப்தூலியா டீச்சர் வருவாள். எங்களைவிட இரண்டு மூன்று வயது மூத்தவள், அவ்வளவுதான். ஒல்லி. வாயில் எப்போதும் குண்டூசிகளைக் கவ்வியிருப்பாள். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டே பேசுவாள். புகழ்ந்தாலும் திட்டுவது போலத்தான் இருக்கும். பெரும்பாலும் திட்டத்தான் செய்தாள்.

ரெமேய்க்குத் துணி வெட்டுவதில் ஆசை, தைப்பதில் அலுப்பு. கத்திரியைக் கையில் கொடுத்தால் பாடிக்கொண்டே வெட்டுவாள். ஊசியைக் கொடுத்தால் கொட்டாவி விடுவாள்.

வருஷக் கடைசியில் பரிசளிப்பு விழா வந்தது. வகுப்பு முழுக்கச் சேர்ந்து சாமியாருக்குப் புது அங்கி தைத்துத் தர வேண்டும் என்று சீமாட்டிகள் முடிவு செய்தார்கள். ஆளுக்கொரு பாகம் வந்தது. எனக்கு வலது கை. ரெமேய்க்கு முதுகு, கழுத்திலிருந்து கணுக்கால் வரைக்கும்.

அந்த வாரம் பார்த்து மில்லில் பெரிய ஆர்டர். கூடுதல் நேரம் நிற்க வைத்துவிட்டார்கள். ரெமேய் முதுகை ஓட்டுத் தையலில் தற்காலிகமாக இணைத்தாள். அதன் மேல் கெட்டித் தையல் போட வேண்டும். போடுவதற்குள் துணியிலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டாள். ஓட்டுத் தையலுக்கு எல்லோரும் வெள்ளை நூல் எடுப்பார்கள். அவளிடம் வெள்ளை தீர்ந்துபோய்க் கறுப்பில் ஓட்டியிருந்தாள். கேஸ் விளக்கு வெளிச்சத்தில் டீச்சர் பார்த்தபோது கறுப்புத் துணியில் கறுப்புத் தையல் இருந்தது. கெட்டித் தையல்தான் என்று நினைத்துத் தேய்க்க அனுப்பிவிட்டாள்.

விழாவுக்குச் சீமாட்டிகள், மில் முதலாளி, அவர் மனைவி எல்லோரும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சாமியார் புது அங்கியில் மேடையேறினார். அளவெடுத்த பிறகு பக்தர்கள் கொடுத்த பன்றித் தொத்திறைச்சி அவர் இடுப்பில் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

"பெண்ணுக்கு அழகு எது? பொறுமை! இதோ, இந்தத் தையலைப் பாருங்கள்!" என்று திரும்பி முதுகைக் காட்டினார். இரண்டு கையையும் வானத்தைப் பார்த்துத் தூக்கினார்.

கழுத்தில் 'படக்' என்று ஒரு சத்தம். பிறகு மேலிருந்து கீழே சரசரவென்று போயிற்று. அங்கி இரண்டு பாதியாகத் தோளில் தொங்கியது. உள்ளே மில் துணியில் தைத்த நீளக் கால்சட்டை. துணிக்கட்டின் ஓரத்தில் நாங்கள் குத்துவோமே, அந்த முத்திரையோடு யாரோ வெட்டித் தைத்திருக்கிறார்கள். சாமியாரின் பின்புறத்தில் கொட்டை எழுத்தில் 'முதல் தரம்' என்றிருந்தது.

அந்த நேரம் பார்த்து ரெமேய்க்கு விழிப்பு வந்தது.

"சாமி, அது நம்ம மில் துணிதான்!" என்றாள், சொந்தக்காரரைக் கண்ட சந்தோஷத்தில்.

முதலில் சிரித்தது முதலாளியின் மனைவி. அதற்குப் பிறகு யாராலும் நிறுத்த முடியவில்லை.

மறுநாள் ரெமேயைப் பள்ளிக்கூடத்திலிருந்து விலக்கினார்கள். சாமியாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னதற்கு, "அங்கிகிட்ட வேணா கேக்கறேன், அதான் பாவம்" என்றாள். சரியாகப் பார்க்கவில்லை என்று ஒப்தூலியாவுக்கும் நல்ல வசவு விழுந்தது. ரெமேய் வெளியே சிரித்தாளே தவிர, அந்த வாரம் தறியில் அவள் உதடு அசையவே இல்லை. நாற்காலி போய்விட்டதே.

ஆனால் கதை ஊரெல்லாம் சுற்றி, பாரலெல் வீதி நாடகக் கொட்டகைகள் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு சனிக்கிழமை மில் சங்கு ஊதி வெளியே வரும்போது, எண்ணெய் தடவிய மீசையோடு ஒருவர் வாசலில் நின்றார். ஃபெரியோல், நாடகக் கம்பெனிக்காரர்.

"சாமியார் அங்கியக் கிழிச்ச பொண்ணு யாரும்மா?"

"கிழிக்கல. அதுவா கிழிஞ்சது," என்றாள் ரெமேய்.

"எனக்கும் அப்படி ஒண்ணு வேணும். தினமும் கிழியணும்."

"சாமியாரா?"

"சாமியாரைக் கிழிச்சா போலீஸ் வரும். நீதிபதியக் கிழிக்கலாம்னு இருக்கோம்."

ரெமேய் ஓட்டுத் தையலில் நீதிபதி அங்கி தைத்துக் கொடுத்தாள். முதல் நாள் நீதிபதி கையைத் தூக்கினார், குதித்தார், மேடையில் புரண்டார். அங்கி அசையவில்லை. ஜனங்கள் ஆரஞ்சுத் தோலை வீசினார்கள். அடுத்த நாள் இன்னும் லேசாகத் தைத்தாள். நடிகர் திரைக்குப் பின்னால் தும்மினார், அங்கேயே கிழிந்துவிட்டது.

"அந்தச் சாமியாருக்கு மட்டும் அவ்ளோ ஒழுங்கா கிழிஞ்சுதே!" என்று ஃபெரியோல் தலையில் அடித்துக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் ஞாயிற்றுக்கிழமை ரெமேய் என்னையும் இழுத்துக்கொண்டு ஒப்தூலியா வீட்டுக்குப் போனாள். கதவைத் திறந்தவள் வாயில் அன்றும் குண்டூசி.

"எந்த மூஞ்சியோட வந்த?"

"டீச்சர், நாடகத்துல நீதிபதி அங்கி கிழியணுமாம். கிழியற மாதிரி தைக்கச் சொல்லிக் குடுங்க."

"தைக்கவே கத்துக்கல, அதுக்குள்ள கிழிக்க வந்துட்டியா? உன்னால நான் வாங்கின திட்டு போதாதா? போடி வெளிய!"

கதவு பாதி மூடியது. பிறகு நின்றது.

"நீதிபதி எந்தக் கையைத் தூக்குவாரு?"

"ரெண்டும்."

"முட்டாள்தனம். ஒரு கை சும்மா இருக்கணும். உள்ள வா."

சாயங்காலம் முழுக்க இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டே தைத்தார்கள். நான்தான் நீதிபதி. கையைத் தூக்கித் தூக்கித் தோள் வலித்தது. மற்ற இடமெல்லாம் கெட்டித் தையல் போட்டே ஆக வேண்டும் என்று ஒப்தூலியா பிடிவாதம் பிடித்தாள். "வேண்டாத இடத்துல கிழிஞ்சா அது அசிங்கம்" என்றாள். ரெமேய் முணுமுணுத்தபடி, வாழ்க்கையில் முதல்முறையாகத் தூங்காமல் ஒரு முழு ஓரத்தையும் தைத்து முடித்தாள்.

"முதுகுக்கு?"

"மாவு மூட்டை வாயை எப்படித் திறக்கறாங்க?" என்றாள் ஒப்தூலியா.

ரெமேய் யோசித்தாள். "ஒரு நூலை இழுத்தா மொத்தமும் அவுந்துக்கும்... ஐயோ டீச்சர்!"

சங்கிலித் தையல். நூலின் நுனியை அங்கிக்குள்ளேயே கொண்டுபோய், சும்மா இருந்த கையின் மணிக்கட்டில் கட்டினார்கள். நான் வலது கையைத் தூக்கினேன், இடது கையை இழுத்தேன். சர்ரென்று முதுகு திறந்தது. ஒப்தூலியா சிரித்தாள். அவள் வாயிலிருந்த குண்டூசியெல்லாம் தரையில் கொட்டியது.

நீதிபதி அந்தக் குளிர்காலம் முழுக்கக் கிழிந்தார். ரெமேய் மில்லை விட்டுவிட்டுக் கொட்டகையில் உடைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். ஒப்தூலியா முகத்தை மூடிக்கொண்டு நாடகம் பார்க்க வந்தாள். முன்வரிசையில் ஒரு சீமாட்டியும் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அங்கே இருவரும் ஒருவரையொருவர் கண்டுகொள்ளவில்லை. ஆனால் மறுவாரமே ஒப்தூலியாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை போயிற்று.

"அவ வந்தது தப்பில்லையாம், நான் வந்தது தப்பாம்!" என்று கொதித்தாள் அவள்.

"பேசாம நாமளே ஒண்ணு நடத்தலாம்," என்றாள் ரெமேய்.

மதுக்கடை மாடியில் ஒரு அறை பிடித்தார்கள். கீழே குடிகாரர்கள் பாட்டு, மேலே எங்கள் கத்திரிச் சத்தம். பிரசங்கம் கிடையாது. தக்காளி தேய்த்த ரொட்டி உண்டு. நான் அங்கேதான் ஆண்கள் கால்சட்டை வெட்டக் கற்றேன், இன்றுவரை அதுதான் என் பிழைப்பு. எங்களோடு படித்த ஒருத்தி தொப்பிக் கடை வைத்தாள். இன்னொருத்தி கீழே பாடிய குடிகாரனையே கட்டிக்கொண்டாள். அதற்கு நாங்கள் பொறுப்பல்ல.

டீச்சர் இரண்டு பேருக்கும் தினம் ஒரு சண்டை. சென்ற மாதம் மில்லிலிருந்து இரண்டு மீசைக்காரர்கள் வந்து, தாங்களும் தையல் கற்க வேண்டும் என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ஒப்தூலியா கூடவே கூடாது என்றாள். ரெமேய் அவர்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கூட்டத் தெரியுமா?" என்று கேட்டு விளக்குமாற்றை நீட்டினாள்.

ஒருவன் வாங்கிக்கொண்டான். மற்றவன் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறான்.