கையைத் தூக்கினால் நிறுத்திவிடுவார்

டாக்டர் தவமணி அக்கா போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, ஒருவருடைய கடைவாய்ப் பல்லைத் திறந்து வேரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். உதவியாளர் தொலைபேசியோடு கதவோரம் நின்ற விதத்திலேயே புரிந்துவிட்டது. பல மாதங்களாக எதிர்பார்த்த செய்திதான். வாயைத் திறந்தபடி படுத்திருந்தவரை அப்படியே விட முடியாது. அவரை முடித்து, காத்திருந்தவர்களையும் பார்த்துவிட்டு, மாலை நெரிசலில் ஊர்ந்து பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அழக்கூடத் தெம்பில்லை.

கிளாங்கில் எங்கள் கிளினிக்கில் அவரிடம் ரூட் கெனால் செய்துகொண்டவர்களுக்கு அவருடைய பழக்கம் தெரிந்திருக்கும். பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து அறைகளில் வேலை செய்தோம். 'வலிக்காது' என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை. "வலிக்காதுன்னு சொல்லி, ஒரு தடவை வலிச்சிருச்சுன்னா முடிஞ்சது. அப்புறம் நாம சொல்ற எதையும் நம்ப மாட்டாங்க" என்பார்.

பக்கத்து ஊரான காப்பாரிலிருந்து ஒரு லோரி ஓட்டுநர் வந்தார். ஆறடி ஆள். வேறெங்கோ பாதிச் சிகிச்சையில் எழுந்து ஓடியவர். அக்கா அவரிடம், "ஊசி குத்தும்போது சுருக்குன்னு இருக்கும். அப்புறம் மரத்துப்போகும். அழுத்துறது தெரியும், மெஷின் சத்தம் கேட்கும். வலிச்சா இடது கையத் தூக்குங்க அண்ணே, நிறுத்திடுறேன்" என்றார்.

மரத்துப்போன பிறகு மெஷினை வாயருகே கொண்டுபோனதுமே அவர் கை தூக்கினார். அக்கா நிறுத்தினார். மறுபடி தொடங்கினார், மறுபடி கை. அன்று அக்காவுக்கு உதவியாக நானும் அந்த அறையில் நின்றிருந்தேன்; இருவருக்குமே நேரமாகிக்கொண்டிருந்தது, வெளியே கூட்டம்.

"நெசமாவே வலிக்குதா அண்ணே?"

"இல்ல டாக்டர். நிறுத்துவீங்களான்னு பாத்தேன் லா."

அக்கா சிரித்தார். "பாத்தாச்சா? இன்னும் பாக்கணுமா?"

அதற்குப் பிறகு அந்தக் கை எழவே இல்லை.

அவரைக் கொண்டுபோன நோய் தெரிவதற்குச் சில மாதங்கள் முன்பு அக்காவுக்கே ஒரு பல் கெட்டது. "நீயே செஞ்சிரு, தம்பி" என்று என் அறைக்கு வந்தார். நாற்காலியில் சாய்ந்ததும் உதவியாளரின் கையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு நான் எதை விளக்குவது? இருந்தாலும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லித்தான் செய்தேன். ஒரு சொல் குறைந்தாலும் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

முடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "எல்லாம் தெரிஞ்ச எனக்கே இப்படி உதறுது. ஒண்ணும் தெரியாம எப்படி தம்பி நம்மகிட்ட வந்து உட்கார்றாங்க?" என்றார்.



இப்போது அவருடைய நோயாளிகளும் என்னிடம்தான் வருகிறார்கள். சாயங்காலத்துக்குள் தோள் கழன்றுவிடும்போல் இருக்கிறது. கடைசி ஆள் உள்ளே வரத் தயங்கி வாசலில் நிற்கும்போது, "சீக்கிரம் வாங்க" என்ற சொல் வாய்வரை வந்துவிடுகிறது. அப்போது அக்கா கேட்ட அந்தக் கேள்வி நினைவுக்கு வரும். அவரிடமிருந்து எனக்கு மிச்சம் அதுதான். கையுறையைக் கழற்றிவிட்டு வெளியே போய், வாசலில் நிற்பவரை உட்காரவைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து, "என்ன பயம், சொல்லுங்க" என்கிறேன்.