திருமழபாடி வரைக்கும் ஒரு தூக்கம்

என் மணிக்கட்டில் இப்போது ஒரு கடிகாரம் இருக்கிறது. மகள் வாங்கிக் கொடுத்தது. நேரம் காட்டுவதோடு நிற்காமல், ராத்திரி நான் எப்படித் தூங்கினேன் என்று காலையில் மதிப்பெண்ணும் போடுகிறது. நேற்று ஐம்பத்தெட்டு. காலமெல்லாம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் போட்டவளுக்கு இந்த வயதில் இப்படி ஒரு தண்டனை.

மகளிடம் சொன்னால் போனிலேயே பாடம் எடுக்கிறாள். "ஏழரைக்குள்ள சாப்பிட்டுரும்மா. நாலு மணிக்கு மேல காப்பி தொடாத. படுக்கையில போன் பாக்காத." ஏதோ அவளே கண்டுபிடித்த மாதிரி சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுக்குச் சிரிக்கிற?" என்று கோபித்துக்கொண்டாள். பரோட்டா ஞாபகம் வந்தது என்று அவளிடம் சொல்ல முடியவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் என் சிநேகிதி கலைச்செல்வியும் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். அவள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்கிறவள். நான் திருமானூருக்கு முன்னால் ஒரு கிராமத்துப் பள்ளியில் தற்காலிக அறிவியல் டீச்சர். அரியலூரிலேயே அறை எடுத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். கலைச்செல்வி பெரம்பலூரில் இருந்தாள். அதுதான் காரணம், அதற்கு மேல் யோசிக்கிற வயதில்லை.

எங்கள் அறைக்கு நேர் கீழே ஒரு பரோட்டாக் கடை. சாயங்காலமானால் கல்லில் எண்ணெய் பொரியும் வாசனை படியேறி வந்து கதவைத் தட்டும். ஆறு மணிக்கு டீயும் வாழைக்காய் பஜ்ஜியும். அப்புறம் நோட்டு திருத்துகிறேன் பேர்வழி என்று ஃபிளாஸ்க் நிறையக் காப்பி. ஒன்பதரைக்குக் கடை மூடும் நேரத்தில், மிச்சமிருக்கும் பரோட்டாவுக்குத் தாராளமாகச் சால்னா ஊற்றுவார்கள் என்பதால், அப்போதுதான் போய் வாங்குவோம். நாலு பரோட்டாவை உள்ளே தள்ளிவிட்டுப் படுத்தால் தூக்கம் எங்கிருந்து வரும்? இத்தனைக்கும் அவள் லேப், நான் அறிவியல். ஏழாம் வகுப்புக்கு அந்த மாதம் நான் நடத்திக்கொண்டிருந்த பாடம், சிரிக்காதீர்கள், செரிமானம்.

"வவுத்துக்கு ஓவர் டைம் குடுத்துட்டுக் கண்ண மூடுன்னா எப்புடிடி மூடும்?" என்பாள் கலைச்செல்வி, அஞ்சாவது பரோட்டாவைப் பிய்த்தபடி.

ராத்திரி வராத தூக்கம் காலையில் பஸ்ஸில் வந்துவிடும். ஆறரைக்குப் பெரம்பலூரில் ஏறி, அரியலூரில் திருமழபாடி பஸ்ஸுக்கு மாறி, கடைசி வரிசை ஜன்னலில் தலையைச் சாய்த்தால் போதும். அந்தப் பஸ்ஸின் கண்டக்டர் மாணிக்கம் அண்ணன். அவரிடம் சொல்லி வைத்துவிட்டுத் தூங்குவது அந்தத் தடத்தில் வழக்கம். எனக்கு மட்டுமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், முந்திரிக்கொட்டை மூட்டையோடு வருகிறவர், எல்லோருக்கும் எந்த ஊரில் யாரை எழுப்ப வேண்டும் என்று அவர் மனதில் ஒரு பட்டியல் இருந்தது. என் ஊர் வந்ததும் சீட்டுக் கம்பியில் விசிலால் இரண்டு தட்டு. "டீச்சர், உங்க ஊரு வந்திருச்சு. கனவுல மிச்சத்த நாளைக்குப் பாத்துக்கங்க."

அவர் லீவு எடுத்த இரண்டு நாளும் ஊரைத் தாண்டிப் போய் லேட்டாகத் திரும்பி வந்தேன். எங்கள் தலைமையாசிரியைக்குப் பெரிய டீச்சர் என்று பெயர். குரலை உயர்த்தவே மாட்டார், அதுதான் பயம். "ரெண்டு தடவ ஆயிருச்சும்மா. வர்ற வியாழக்கிழமை ஆபீசர் வராரு. உன் கிளாஸப் பாத்து எழுதப்போறாரு. அவரு நல்லபடியா எழுதுனாத்தான் உனக்கு வேலை நிரந்தரம். அன்னைக்கும் லேட்டா வந்தா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அப்பா இல்லாத வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் அம்மாவும் தம்பியும் இருந்தார்கள்.

புதன்கிழமை சாயங்காலம் நாங்கள் திருந்தினோம். திருந்துவதிலும் ஒரு அளவு வேண்டுமல்லவா? எங்களுக்கு அது கிடையாது. ஐந்து மணிக்கே ஆளுக்கு இரண்டு இட்லி தின்றுவிட்டு, ஏழு மணிக்கு விளக்கை அணைத்துப் படுத்துவிட்டோம். வெளியே ஊரே நடமாடிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குப் பசி குடலைப் பிடுங்கியது. ஒரு மாணவியின் அம்மா கொடுத்தனுப்பிய முந்திரிப்பருப்பு ஞாபகம் வந்தது. நெய்யில் வறுத்து, மிளகாய்த்தூள் போட்டு, அரைக்கிலோவையும் காலி செய்தோம். காரத்துக்குக் காப்பி குடித்தோம். மிச்சத்தை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை அரியலூரில் பஸ் கிளம்பும் முன்பே கடைசி வரிசையில் நான் தூங்கிப்போனேன். மாணிக்கம் அண்ணன் இருக்கிற தைரியம். அவர் வரவில்லை என்பதைக் கூடப் பார்க்கவில்லை.

கண் விழித்தபோது பஸ்ஸில் யாருமில்லை. ஜன்னலுக்கு வெளியே கொள்ளிடத்து மணலில் வெயில் பளீரென்று அடித்தது. திருமழபாடி. புது கண்டக்டர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அழுதுகொண்டே, "என்னைய எழுப்பச் சொல்லி மாணிக்கம் அண்ணன் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னாருங்க. ஒரு டீச்சர் தூங்குவாங்க, எழுப்பி விட்டுருன்னாரு. எழுப்பி விட்டனே! முன்னாடி சீட்டுல ஒரு டீச்சரம்மா தூங்குனாங்க. எந்திரிக்கவே மாட்டேன்னாங்க, தோளத் தட்டி எழுப்பி எறக்கி விட்டேன்." அவருக்குத் தன் கடமையில் அவ்வளவு திருப்தி.

அதே பஸ் திரும்பிப் புறப்பட்டுப் பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது பத்தரை. வேலை போயிற்று என்று முடிவு கட்டித்தான் உள்ளே போனேன். வராந்தாவில் பெரிய டீச்சர் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

"உன்ன எழுப்ப வேண்டியவன் என்னைய எழுப்பிட்டான்டி" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவரே சொன்னார். வழக்கமாக வீட்டுக்காரரின் வண்டியில் வருபவர், அன்று வண்டி மக்கர் செய்ததால் பஸ் ஏறியிருக்கிறார். ஆபீசருக்காக ரிஜிஸ்டர்களைச் சரிபார்த்துக்கொண்டு விடிய விடிய நாலு டம்ளர் காப்பி. உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். "தெனமும் தூங்குவீங்களாமே டீச்சர்னு அத்தன பேருக்கு முன்னாடி கேக்குறான்! எறங்கித் திரும்பிப் பாத்தா, பின்னாடி ஜன்னல்ல ஒன் தலை ஆடிக்கிட்டே போவுது. கையத் தட்டுறேன், அவன் விசில் ஊதிட்டான்."

"ஆபீசர்..." என்றேன்.

"வந்துட்டாரு. ஒன் முதல் பீரியட நானே எடுத்துட்டேன். நீ திருமழபாடி வரைக்கும் போயிருக்கன்னு சொல்லியிருக்கேன். மூணாவது பீரியட் ஒன் கிளாஸுக்கு வராரு. மூஞ்சியக் கழுவிட்டுப் போ."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அந்த நிமிடம் அவர் காலில் விழத் தோன்றியது.

ஆபீசர் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பாடம் முடிந்ததும் ஒரு சிறுமியிடம் கேட்டார், "ராத்திரி சாப்பிட்டதும் படுக்கலாமா பாப்பா?" அவள் எழுந்து, "கூடாதுங்க சார். ரெண்டு மணி நேரமாச்சும் போவணும். டீச்சர் சொல்லியிருக்காங்க" என்றாள். அவர் என்னைப் பார்த்து, "நீங்களும் அப்படித்தானாம்மா?" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். வாசலில் நின்ற பெரிய டீச்சருக்குத் திடீரென்று இருமல் வந்துவிட்டது.

வேலை நிலைத்தது. ஆபீசரிடம் நான் சொன்ன பொய்யை மெய்யாக்க வேண்டுமே என்ற வெட்கத்தில், ஏழரைக்குச் சாப்பாடு, அதற்குமேல் காப்பி இல்லை என்று நானும் கலைச்செல்வியும் உண்மையிலேயே மாறினோம். பரோட்டா ஞாயிறு மத்தியானத்துக்குப் போயிற்று. பத்து நாளில் ராத்திரி தூக்கம் ராத்திரியே வந்தது. பஸ்ஸில் விழித்துக்கொண்டு வந்த என்னைப் பார்த்து மாணிக்கம் அண்ணனுக்குத்தான் வருத்தம். "என்னா டீச்சர், இப்பல்லாம் நம்ம பஸ்ஸுல தூங்கவே மாட்டேங்கிறீங்க?" என்றார், ஏதோ கோபித்துக்கொண்டு போன சொந்தக்காரியிடம் கேட்பது போல. அவருக்காகவே சில நாள் கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். அவர் வந்து தட்டுவார், நான் திடுக்கிட்டு எழுவேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக அதே தடத்தில் போனேன். பெரிய டீச்சரும் மாணிக்கம் அண்ணனும் இப்போது இல்லை. பரோட்டாக் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. முந்தின ராத்திரி மதிப்பெண் நாற்பத்தொன்று, அரியலூர் தாண்டியதும் கண் சொக்கியது. ஆசையாக இருந்தது. டிக்கெட் மெஷினோடு வந்த பையனிடம், "தம்பி, நான் தூங்கிட்டா ஊரு வந்ததும் கொஞ்சம் எழுப்பி விடுறீங்களா?" என்றேன்.

"போன்ல அலாரம் வச்சுக்கங்க மேடம்" என்றான், மரியாதையாகத்தான்.

அலாரம் வைத்தேன். கண்ணையும் மூடினேன். வழி முழுக்கத் தூக்கம் வரவேயில்லை.