மாமாவின் பங்கு

போன கிழமை மகள் நேசரிப் பள்ளியிலிருந்து அழுதுகொண்டு வந்தாள். வகுப்பில் பக்கத்தில் இருக்கும் பிள்ளை குடும்பத்தோடு லண்டனுக்குப் போய்விட்டதாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் என் கை பிஸ்கட் டின்னைத் திறந்துவிட்டது. மூடினேன். மறுபடி திறந்தேன். ஒரு பிஸ்கட்டில் என்ன கெட்டுவிடப்போகிறது என்றும் தோன்றியது. எனக்கும் ஒன்றில்தானே தொடங்கியது என்றும் தோன்றியது.

எனக்கு அப்போது எட்டு வயது. வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் அம்மாவும் நானும் மாமாவும் இருந்தோம். அப்பாவுக்குக் கட்டாரில் வேலை. மாமா அம்மாவின் தமையன், கலியாணம் செய்யாதவர். ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கும் யார்ட் ஒன்றில் கிளார்க்காக இருந்தார். ஐந்தரைக்கு லிஃப்ட் கதவு திறந்தால் அவர் கையில் இரண்டு மீன் பணிஸ் இருக்கும், உள்ளே மீன் கறி வைத்த முக்கோண பன். ஒன்று அம்மாவுக்கு. மற்றதை எனக்கும் தனக்குமாகப் பிய்ப்பார்.

"பெரிசு உனக்கு, சின்னன் எனக்கு. பிறகு பங்குக்கு வழக்குப் போட்டுக் கோட்டுக்குப் போகாதை, என்ன?"

அவர் எடுப்பது முக்கோணத்தின் கூர் முனை. அதில் மீனே இராது. அதுதான் தனக்கு விருப்பம் என்பார். நானும் நம்பினேன்.

ஒருநாள் வேலைத்தலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவர் பிறகு எழும்பவில்லை.

வீடு நிறைய ஆட்கள். ஒருவரும் என்னோடு கதைக்கவில்லை. எல்லோரும் சாப்பிடத் தந்தார்கள். அழுதால் ஒரு கோப்பை சோறு. அழாமல் இருந்தால், பாவம் பிள்ளை என்று இன்னொரு கோப்பை. அம்மா மட்டும் வெறும் தேத்தண்ணியோடு இருந்தார். அவர் அழவும் இல்லை.

எட்டாம் நாள் எட்டுச் செலவு. இறந்தவருக்கு விருப்பமானதையெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பது எங்கள் வழக்கம். பெரியம்மா கணவாய்க் கறி வைத்திருந்தார். அம்மா இலையின் ஓரத்தில் இரண்டு மீன் பணிஸை வைத்தார். அந்த அறைக்குப் பல்கனிப் பக்கமாக இன்னொரு கதவு இருந்ததை யாரும் யோசிக்கவில்லை.

மாமாவைப் பார்க்கத்தான் போனேன். அவர் வருவார் என்று எல்லோரும் சொன்னார்களே. படத்துக்கு முன்னால் இருந்து பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. பின்னேரம் ஐந்தரை தாண்டியிருக்கும். ஒரு பணிஸை எடுத்துத் தின்றேன். மற்றதைப் பிய்த்து, பெரிசைத் தின்றுவிட்டு, கூர் முனையை இலையில் வைத்தேன். களவு என்றே தோன்றவில்லை. மத்தியானம் இரண்டு தரம் சாப்பிட்டிருந்தேன். ஆனால் தொண்டைக்குள் ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது, ஒவ்வொரு வாய்க்கும் அது கொஞ்சம் கீழே இறங்கியது.

ஆட்களின் சத்தம் கேட்டதும் வந்த வழியே ஓடி, சுற்றிப்போய் அம்மாவின் பின்னால் நின்றுகொண்டேன். கதவு திறந்தது.

"இஞ்ச வந்து பாருங்கோ! தம்பி வந்திட்டுப் போயிருக்கிறான்!" பெரியம்மா கன்னத்தில் கை வைத்தார். "கணவாயைத் தொடவே இல்லை. பணிஸைத்தான் திண்டிருக்கிறான்."

"உயிரோட இருக்கேக்கையும் உம்மட கணவாயைத் தொடமாட்டான்தானே" என்றார் பெரியப்பா.

எட்டு நாளுக்குப் பிறகு முதன்முறையாக அந்த வீட்டில் சிரிப்பு எழுந்தது. நான் மட்டும் அம்மாவின் பின்னால் இன்னும் ஒதுங்கினேன். அம்மா அந்த முனையைப் பார்த்தார். திரும்பி என்னைப் பார்த்தார். சேலைத் தலைப்பால் என் வாயைத் துடைத்து, "போய் முகத்தைக் கழுவு" என்றார். நான் தப்பிவிட்டதாக நினைத்தேன்.

அடுத்த நாளிலிருந்து ஐந்தரைக்கு அம்மா ஒரு முழுப் பணிஸை என் முன்னால் வைத்தார். மாமாவைப் பற்றிய கதை வரவில்லை. சோதனையில் புள்ளி குறைந்தபோதும், சிநேகிதி கோபித்தபோதும், மகள் பிறந்து நித்திரையில்லாமல் கிடந்த மாதங்களில் ஃபிரிட்ஜுக்கு முன்னால் நின்றபடியும், நான் அதே அடைப்பைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தேன். பணிஸின் மேல் பிழையில்லை என்று விளங்கவே இத்தனை வருஷமாயிற்று. இப்போதும் வாங்குகிறேன். பசித்தால் தட்டில் வைத்து, மேசையில் இருந்து சாப்பிடுகிறேன். பசி இல்லாமலே தின்றுவிடும் நாட்களும் உண்டு. அன்றைக்கு என்னை நானே ஏசாமல் இருக்கப் பழகுகிறேன்.

போன கிழமை, டின்னை மூடிவிட்டு மகளை மடியில் வைத்துக்கொண்டேன். "அவள் இல்லாமல் கவலையா இருக்கோ?" என்று கேட்டேன். அரை மணித்தியாலம் அழுதாள். பிறகு தானாகவே, "அம்மா, பசிக்குது" என்றாள். சோறு குழைத்து வாயில் தீத்தினேன். செய்தது சரியோ பிழையோ, இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

அம்மாவை என்னால் குறை சொல்ல முடியவில்லை. எட்டுச் செலவன்று படையலில் ஒரு பங்கைச் சந்தியில் வைப்பதற்காக மற்ற எல்லோரும் கீழே இறங்கிய பிறகு, முகம் கழுவப் போன நான் அவரைக் குசினி அடுப்பருகே கண்டேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கையில் அந்தக் கூர் முனை. அதை வாயில் வைத்தார். எட்டு நாளில் அவர் சாப்பிட்டு நான் கண்டது அதுதான் முதல் தரம். வெகு நேரம் அவருடைய தோள்கள் குலுங்கிக்கொண்டிருந்தன.

காலையில் வாங்கிய பணிஸ், இறுகியிருக்கும், மெல்லக் கஷ்டப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.